புள்ளிக்கு 25 மதிப்பெண்

டால்மேஷன் நாய் புள்ளியோடு பிறப்பதில்லை. பிறக்கும்போது குட்டி வெள்ளை வெளேரென்று இருக்கும். பத்துப் பதினைந்து நாள் கழிந்த பிறகுதான் கறுப்போ பழுப்போ ஒவ்வொரு புள்ளியாகத் தலைகாட்டும். சில குட்டிகள் மட்டும் பிறக்கும்போதே காதிலோ கண்ணைச் சுற்றியோ பெரிய கறுப்புத் திட்டு ஒன்றோடு வந்துவிடுகின்றன. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதிப்படி, திட்டு உள்ள நாய்க்குக் கண்காட்சியில் இடமே கிடையாது. அதன் நடை எப்படி, எலும்புக்கட்டு எப்படி, குணம் எப்படி என்றெல்லாம் யாரும் பார்க்கப்போவதில்லை. பிறந்த அன்றே தகுதி நீக்கம்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தத் திட்டுக் குட்டிக்குத்தான் மற்றவற்றைவிடக் காது நன்றாகக் கேட்க வாய்ப்பு அதிகம்.

காரணம் உட்காதில் இருக்கிறது. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் காக்ளியா என்னும் சுருள் குழாயின் சுவரில் மெல்லிய திசுப் பட்டை ஒன்று உண்டு. குழாய்க்குள் இருக்கும் திரவத்தில் பொட்டாசியத்தின் அளவையும் மின்னழுத்தத்தையும் காப்பது அதன் வேலை. அந்தப் பட்டை உயிரோடிருக்க மெலனோசைட்டுகள், அதாவது தோலுக்கும் முடிக்கும் கறுப்பைத் தரும் அதே நிறமிச் செல்கள், தேவை. கருவில் இந்தச் செல்கள் முதுகுத்தண்டு உருவாகும் பகுதியிலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. வெண்மையைத் தரும் மரபணு மாற்றம் இந்தப் பயணத்தைத் தடுக்கிறது. செல்கள் போய்ச் சேராத தோல் வெள்ளையாகிறது. போய்ச் சேராத இடம் உட்காதாக இருந்தால், பிறந்த சில வாரங்களில் அந்தப் பட்டை வாடி, ஒலியுணரும் செல்கள் அழிந்து, குட்டி நிரந்தரமாகச் செவிடாகிவிடுகிறது. பிறக்கும்போதே திட்டு இருக்கிறது என்றால், நிறமிச் செல்கள் தலைப் பகுதிவரை தாராளமாக வந்து சேர்ந்திருக்கின்றன என்று பொருள்.

லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் பல ஆண்டுகளாகத் திரட்டிய அளவீடுகளின்படி, அமெரிக்க டால்மேஷன்களில் சுமார் 30 விழுக்காடு ஒரு காதிலாவது செவிடு. மொத்தத்தில் சுமார் 8 விழுக்காட்டுக்கு இரண்டு காதும் கேட்காது. நீலக் கண் உள்ளவற்றில் இது இன்னும் அதிகம். கண்ணின் நீலமும் நிறமி இல்லாததன் அடையாளமே. நீலக் கண் பூனைகள் செவிடாக இருக்கும் என்பதை 1859இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலிலேயே டார்வின் சொல்லியிருக்கிறார். ஆக, திட்டை விரட்டும் விதி தலைமுறை தலைமுறையாகச் செவிட்டுத்தன்மையின் பக்கம் இனத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. டால்மேஷனுக்கான அமெரிக்க மதிப்பெண் பட்டியலில் நூற்றுக்கு 25, நிறத்துக்கும் புள்ளிக்கும் மட்டுமே. குணத்துக்கு 10.

நாய்க் கண்காட்சிகளில் நிறம் நியாயமற்ற செல்வாக்குச் செலுத்துகிறதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு உடனே நடுவரின் மீது திரும்புகிறது. அந்த நடுவருக்குக் கறுப்புப் பிடிக்காது, இவர் மஞ்சளைத்தான் தூக்குவார் என்று நாய் வளர்ப்பவர்கள் புலம்புவது எல்லா நாட்டிலும் கேட்கும் பேச்சு. நடுவரின் சாய்வு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் ரிங்குக்குள் கால் வைப்பதற்கு முன்பே நிறத்தைப் பற்றிய பெரிய முடிவுகள் எல்லாம் எடுத்தாகிவிட்டன என்பது என் வாதம். அவற்றில் ஒரு பங்கு விதிப் புத்தகத்தில் இருக்கிறது. மறு பங்கு, எந்த ஆணையும் பெண்ணையும் சேர்ப்பது என்று வளர்ப்பவர் எடுக்கும் முடிவில்.

முதலில் நடுவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிடலாம். கண்காட்சியில் ஒரு நாயை அடுத்த நாயோடு ஒப்பிடுவதாகத்தான் நமக்குத் தோன்றும். கோட்பாட்டின்படி அவர் ஒவ்வொரு நாயையும் எழுதி வைத்த இன வரையறையோடு ஒப்பிட வேண்டும். தலை, பல், தோள் சாய்வு, முதுகுக்கோடு, நடை, முடி, நிறம் என்று வரையறை நீண்டுகொண்டே போகும். பல இனங்களில் ஒரு நாய்க்கு அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் கண்ணாலும் கையாலும் பார்த்து முடிக்க வேண்டும்.

கண் ஏமாறும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பொருள் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிவதைப் பற்றிக் கலிலியோவே எழுதியிருக்கிறார். வெறுங்கண்ணுக்கு வெள்ளி கோள் வியாழனைவிடப் பெரிதாகத் தெரிவது ஏன் என்று அவர் குழம்பினார். பார்வை நரம்புப் பாதையில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் தனித்தனி வழிகள் உண்டு, வெளிச்சத்தின் வழி சிறிது ஒளியிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது, அதனால் வெள்ளை விரிந்து தெரிகிறது என்று 2014இல் நியூயார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாய் விஷயத்தில் இதன் விளைவைக் கற்பனை செய்வது எளிது. முதுகின் நடுவே ஒரு வெள்ளைத் திட்டு இருந்தால் நேரான முதுகும் பள்ளம் விழுந்ததுபோல் தெரியும். தோளில் கறுப்பு எங்கே முடிந்து வெள்ளை எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்து தோளின் சாய்வே மாறித் தோன்றும். ஒரு காலில் மட்டும் வெள்ளைச் சாக்ஸ் இருந்தால் ஓடும்போது அந்தக் கால் தாளம் தப்புவதுபோல் இருக்கும். முழுக் கறுப்பு நாய் மங்கலான உள்ளரங்கத்தில் வெறும் நிழலுருவம். தசையும் எலும்பும் புலப்படாது. கையால் தடவிப் பாருங்கள் என்று நடுவர்களுக்குச் சொல்லித்தருவதற்கு இதுவும் ஒரு காரணம். நடையை மட்டும் கையால் பார்க்க முடியாது.

கண் ஏமாறுவது ஒரு பக்கம், மனம் சாய்வது மறுபக்கம். இதற்கு நல்ல சான்று விளையாட்டு மைதானத்திலிருந்து வருகிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, மல்யுத்தம், டேக்வாண்டோ போட்டிகளில் சிவப்பும் நீலமும் குலுக்கல் முறையில் தரப்பட்டன. சிவப்பு உடுத்தியவர்கள் சுமார் 55 விழுக்காடு வென்றார்கள். சிவப்பு போட்டவருக்கு வீரம் பிறக்கிறதா, பார்ப்பவருக்கு அப்படித் தெரிகிறதா? 2008இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். அனுபவமுள்ள 42 டேக்வாண்டோ நடுவர்களிடம் சண்டைக் காட்சிகளைப் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்கினார்கள். பிறகு அதே காட்சிகளில் கணினி மூலம் இருவரின் நிறத்தையும் மாற்றிவிட்டு மறுபடி காட்டினார்கள். அதே உதை, அதே ஆள். சிவப்புக்கு மாறியதும் சராசரியாக 13 விழுக்காடு அதிக மதிப்பெண். அத்தனை பேரும் பயிற்சி பெற்றவர்கள், விதி தெரிந்தவர்கள், நிறத்துக்கு மதிப்பெண் இல்லை என்பதும் தெரிந்தவர்கள். நாய் நடுவர் மட்டும் இதற்கு விலக்கு என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. இதே சோதனையை நாய்களுக்கும் செய்யலாம்: ஓடும் நாயின் படத்தைப் பிடித்து, நிறத்தை மட்டும் மாற்றி, வெவ்வேறு நடுவர்களிடம் காட்ட வேண்டியதுதான். நாய்க்கும் சிரமம் இல்லை.

அதை விட்டுவிட்டு, வெற்றிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ‘பாருங்கள், சாக்லெட் லாப்ரடார் ஜெயிப்பதே இல்லை’ என்று சொல்வதில் பயனில்லை. லாப்ரடார் இதற்குச் சரியான உதாரணம், ஏனென்றால் அதன் வரையறை கறுப்பு, மஞ்சள், சாக்லெட் மூன்றுக்கும் சம உரிமை தருகிறது. மூன்றும் ஒரே ஈற்றில் பிறக்கலாம். இரண்டே மரபணுக்களின் ஆட்டம் இது. ஒன்று கறுப்பு நிறமி முடிக்குள் வர வேண்டுமா என்று தீர்மானிக்கிறது, வராவிட்டால் மஞ்சள். மற்றது வந்த நிறமி கறுப்பா சாக்லெட்டா என்று தீர்மானிக்கிறது. அவ்வளவுதான்.

காகிதத்தில் சமம் என்றாலும் வரலாற்றில் சமமாக இருந்ததில்லை. நியூஃபவுண்ட்லாந்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்த மூதாதைகள் பெரும்பாலும் கறுப்பு. பதிவேறிய முதல் மஞ்சள் லாப்ரடாரான பென் ஆஃப் ஹைட் பிறந்தது 1899இல். மஞ்சளுக்கு மரியாதை தேடித்தர 1920களில் தனிச் சங்கமே தொடங்க வேண்டியிருந்தது. சாக்லெட் நிறத்தில் ஒரு நாய் பிரிட்டனில் சாம்பியன் பட்டம் பெற 1960கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை காலம் கண்காட்சிக்கென்று கவனமாக இனம் பெருக்கியவர்கள் கறுப்பையும் மஞ்சளையும் வைத்தே வேலை செய்திருக்கிறார்கள். எனவே இன்று ரிங்கில் சாக்லெட் நாய் தோற்றால், நடுவர் நிறத்தைப் பார்த்துத் தோற்கடித்தாரா, அதன் தோளும் நடையும் உண்மையிலேயே ஒரு படி குறைவாக இருந்தனவா என்று வெற்றிப் பட்டியல் சொல்லாது. எத்தனை நாய் போட்டியிட்டது என்ற கணக்கு வேறு இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, 100 லாப்ரடார்களில் 10 மட்டும் சாக்லெட் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கண்காட்சியில் ஒரு முறை சாக்லெட் வென்றாலே அது தன் பங்கைப் பெற்றுவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பாகுபாடாகத் தெரியும்.

நிறத்தைத் தேடிப் போவதால் என்ன ஆகும் என்பதற்கும் லாப்ரடாரிடமே பாடம் இருக்கிறது. 2018இல் சிட்னி பல்கலைக்கழகத்தின் பால் மெக்ரீவியும் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் பிரிட்டனின் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை அலசினார்கள். கறுப்பு, மஞ்சள் லாப்ரடார்களின் இடைநிலை ஆயுள் 12.1 ஆண்டு, சாக்லெட்டுக்கு 10.7. காது அழற்சியும் தோல் நோயும் சாக்லெட்டில் கூடுதல். நிறமே நோயைத் தருகிறது என்று இதற்குப் பொருளில்லை. சாக்லெட் ஒடுங்கு பண்பு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அந்த நிறம் வேண்டும் என்பவர் அதைச் சுமக்கும் சில நாய்களுக்குள்ளேயே ஜோடி தேடுவார். வட்டம் சுருங்கச் சுருங்க, அந்த நாய்களிடம் இருக்கும் வேறு மரபணுக் குறைகளும் கூடவே பெருகும். ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இதுதான்.

நடுவர், விதி, வளர்ப்பவர் மூவரும் சேர்ந்து ஆடும் விசித்திரமான ஆட்டம் பாக்ஸர் இனத்தில் நடக்கிறது. பாக்ஸரில் ஏற்கப்பட்ட நிறம் இளம்பழுப்பும் அதன்மேல் கறுப்பு வரியோடியதும். உடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை இருந்தால் அமெரிக்க விதிப்படி தகுதி நீக்கம். ஆனால் நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று, மார்பில் வெள்ளை, நான்கு காலிலும் சாக்ஸ் என்று இருந்தால் ‘ஃபிளாஷி’ என்று கொண்டாடுவார்கள். வெள்ளையே இல்லாத நாயும் விதிப்படி சமம்தான். ரிங்கில் கண்ணைப் பறிப்பது ஃபிளாஷிதான். மரபணுவைப் பாருங்கள்: வெண்மை மரபணு ஒரு பிரதி இருந்தால் ஃபிளாஷி, இரண்டு பிரதி இருந்தால் வெள்ளை. கோப்பை வென்ற ஃபிளாஷி ஆணையும் கோப்பை வென்ற ஃபிளாஷி பெண்ணையும் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டி வெள்ளையாகப் பிறக்கும் என்று மெண்டலின் கணக்கு சொல்கிறது. நடைமுறையிலும் பாக்ஸர் குட்டிகளில் 20 முதல் 25 விழுக்காடு வெள்ளை. ஒரு பிரதிக்குப் பரிசு, இரண்டு பிரதிக்குத் தண்டனை என்று வைத்தால் தண்டிக்கப்படுபவை தீரவே தீராது. ஒரு காலத்தில் அந்த வெள்ளைக் குட்டிகளைப் பிறந்ததும் கொன்றுவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. அந்த மரபணு மாற்றம் இருக்கும் இடத்தை 2007இல் எலினார் கார்ல்சன் குழுவினர் சுமார் 20 பாக்ஸர் நாய்களை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். 

நிறச் சண்டையைத் தீர்க்க அமைப்புகள் கண்டுபிடித்த வழி, பந்தியைப் பிரிப்பது. அமெரிக்காவில் காக்கர் ஸ்பேனியலைக் கறுப்பு, கறுப்பல்லாத ஒற்றை நிறம், பல நிறம் என்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். மூன்றின் வெற்றியாளரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம். 1940, 1941 இரண்டு ஆண்டும் வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில் ‘பெஸ்ட் இன் ஷோ’ என்னும் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்ற மை ஓன் புரூசி கறுப்புக் காக்கர். புல் டெரியரிலும் வெள்ளைக்கும் வண்ணத்துக்கும் அமெரிக்காவில் தனித்தனி வகுப்பு. ஐரோப்பாவில் கிரேட் டேனுக்கு நிறத்தின்படி மூன்று வகுப்பு. பிரித்துவிட்டால் ஒரு நிறம் இன்னொன்றை நசுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் வகுப்புக்குள் வெல்ல வேண்டும் என்று வெள்ளையை வெள்ளையோடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்க்கும் ஆசை வலுக்கிறது, வட்டம் மறுபடி சுருங்குகிறது. புல் டெரியரில் வெள்ளையில் ஐந்தில் ஒன்றுக்குக் காதுக் கோளாறு. வண்ணத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ.

வெள்ளை என்றாலே செவிடு என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த அவசர முடிவுக்குப் பலியானது வெள்ளை ஜெர்மன் ஷெப்பர்டு. 1899இல் இந்த இனத்தின் முதல் நாயாகப் பதிவேறிய ஹோராண்டின் தாய்வழித் தாத்தா கிரைஃப் வெள்ளை நாய். அப்படியிருந்தும் 1933இல் ஜெர்மனியின் இனச் சங்கம் வெள்ளையை விலக்கியது. அமெரிக்க வரையறை 1968இல் தகுதி நீக்கமாக்கியது. வெள்ளை சேர்ந்தால் மற்ற நாய்களின் நிறமும் வெளிறிப்போகும் என்றும் காரணம் சொன்னார்கள். அது தவறு. இந்த நாயின் வெண்மை, லாப்ரடாரை மஞ்சளாக்கும் அதே மரபணுவிலிருந்து வருகிறது. நிறமிச் செல்கள் உடலெங்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன, முடிக்குள் கறுப்பை அனுப்பவில்லை, அவ்வளவே. மூக்கைப் பார்த்தால் தெரியும்: கரிக்கறுப்பு. உதடும் கண்ணிமை ஓரமும் கறுப்பு. காதுக்குள் இருக்க வேண்டிய செல்களும் இருக்கின்றன. ஒடுங்கு பண்பு ஆனதால், ஒற்றைப் பிரதியைச் சுமக்கும் நாயின் நிறத்தை அது வெளிறச் செய்வதும் இல்லை. விரட்டப்பட்ட இந்த நாய்களின் வாரிசுகளை ஸ்விட்சர்லாந்தில் வளர்த்தெடுத்தார்கள். 2011இல் உலக நாய்கள் கூட்டமைப்பு வெள்ளை ஸ்விஸ் ஷெப்பர்டு என்ற பெயரில் தனி இனமாக அதை முழுமையாக ஏற்றது. ஒரு ரிங்கில் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த ரிங்கில் அதே நிறத்துக்குப் பட்டம்.

இந்த மூக்குப் பார்வை நம் ஊருக்கும் பயன்படும். ராஜபாளையம் நாயின் லட்சணம் என்று வளர்ப்பவர்கள் சொல்வது பால் வெள்ளை உடலும் ரோஸ் நிற மூக்கும். 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட இந்திய நாய் இனத் தபால்தலை வரிசையில் இடம்பெற்றதும் அந்த வெள்ளை நாய்தான். ரோஸ் மூக்கு என்றால் அங்கே நிறமிச் செல் இல்லை என்று பொருள். ஜெர்மன் ஷெப்பர்டின் வெள்ளையிலிருந்து இது வேறுபட்ட வெள்ளை. ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது ஊரறிந்த சங்கதி. அதே ஈற்றில் திட்டோடும் வரியோடும் பிறக்கும் குட்டிகளுக்கு மதிப்பில்லை, இனப்பெருக்கத்துக்கும் அவற்றை வைத்துக்கொள்வது குறைவு. டால்மேஷனில் அமெரிக்கர்கள் சட்டம் போட்டுச் செய்ததை நாம் வழக்கத்தாலேயே செய்துகொண்டிருக்கிறோம்.

விதிகள் மாறாதவை இல்லை. உடலில் மேகம் கலைந்தாற்போல் நிறம் படரும் ‘மெர்ல்’ வகை நாய்கள் இரண்டைச் சேர்த்தால் கண்ணும் காதும் பழுதான குட்டிகள் பிறக்கும் என்பதால், அப்படிப் பிறந்த குட்டிகளை 2013 முதல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் பதிவு செய்வதில்லை. கிரேட் டேனில் வெள்ளையின்மேல் கறுப்புத் திட்டுகள் சிதறிய ‘ஹார்லிக்வின்’ நிறத்தை வளர்த்தால் மெர்ல் குட்டிகள் பிறந்தே தீரும். நெடுங்காலம் தகுதி நீக்கத்தில் வைத்திருந்த அந்த மெர்லை 2019 ஜனவரியில் அமெரிக்க வரையறை ஏற்றுக்கொண்டது. இரண்டுமே விதியில் ஒரு வரியை மாற்றியதுதான். நடுவருக்கு ஆயிரம் வகுப்பு எடுத்தாலும் வராத மாற்றம் இந்த ஒரு வரியில் வரும்.

இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. ராஜபாளையத்தின் வரையறையைத் திருத்துவது பற்றிப் பேச நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. கறுத்த மூக்குக்கும் ஒரு சிறு திட்டுக்கும் தண்டனை வேண்டாம் என்பது ஒரு திருத்தம். காது சோதிக்கப்பட்ட தாய் தந்தைக்குப் பிறந்த குட்டிகளை மட்டும் கண்காட்சிக்கு எடுப்போம் என்பது இன்னொன்று. சோதனை கடினமானதில்லை: ஐந்து, ஆறு வாரக் குட்டியின் தலைத் தோலில் மெல்லிய மின்முனைகளை வைத்து, ஒவ்வொரு காதிலும் ‘டிக் டிக்’ ஒலியை அனுப்பி, மூளைத்தண்டிலிருந்து வரும் மின்னலையைப் பதிவு செய்வார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.